கொழுந்து பறிக்கப் பழக்கும் வீடியோ: கெமராவை எங்கே வைப்பது?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனது டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) போன வருடம் புதிதாக எட்டுப் பேர் கொழுந்து பறிக்க வந்தார்கள். வழக்கமாக என்ன செய்வோம்? பழைய அக்கா ஒருவரின் பக்கத்து நிரையில் விட்டு, "பார்த்துப் பழகிக்கோ" என்போம். அந்த அக்காவுக்கோ அன்றைய கிலோவை முடிக்கிற அவசரம், நின்று சொல்லிக்கொடுக்க எங்கே நேரம்? அதனால்தான் போனில் ஒரு வீடியோ எடுத்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடும் பிரட்டுக்களத்தில் போட்டுக் காட்டலாம் என்று இறங்கினேன். முதல் வீடியோ பிழையாகிப்போனது, இரண்டாவது சரியாக வந்தது. உங்கள் தோட்டத்தில் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் இது உதவும்.

முதலில் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுங்கள். பறிப்பது, கூடையில் போடுவது, நிறுப்பது எல்லாவற்றையும் ஒரே வீடியோவில் திணிக்க வேண்டாம். நான் எடுத்தது, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படி ஒடிப்பது என்பதை மட்டும்தான். மூன்று நிமிடம். என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் சந்தேகம் வந்தால், 1925ல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்தில் தலவாக்கலையில்தான் இருக்கிறது, அவர்களுடைய சுற்றறிக்கைகளைப் பாருங்கள். நமக்குத் தோன்றியதைப் படம் பிடித்துவிட்டால் எட்டுப் பேரும் ஒரே பிழையை ஒன்றாகப் பழகிவிடுவார்கள்.

அடுத்தது கெமரா. நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை, நன்றாகப் பறிக்கும் ஒரு அக்காவைச் செடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, நான் இந்தப் பக்கம் நின்று எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பின்னால் மலை, முகத்தில் வெயில். மறுநாள் புதியவர்கள் பறித்ததைப் பார்த்தால், பாதிப்பேர் கொழுந்தைப் பிடித்து மேலே இழுத்துப் பிய்க்கிறார்கள், தண்டும் நாருமாக வருகிறது. ஏன் என்று வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. முன்னால் நின்று எடுத்தால் அக்காவின் புறங்கைதான் தெரிகிறது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தளிரை மடக்கி ஒடிக்கிற அந்தச் சின்ன அசைவு கைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. கண்ணுக்குப் படுவது கை மேலே எழும்புவது மட்டும். அவர்கள் அதைத்தான் செய்தார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை.

நான் சின்ன வயதில் கற்றது எப்படி என்று யோசித்தேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, தோளுக்குப் பக்கத்தால் எட்டிப் பார்த்துத்தான். அவர் கை என் கை மாதிரியே, நான் பார்க்கிற திசையிலேயே இருந்தது.

ஆகவே, பறிப்பவரின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே போன் இருக்க வேண்டும். நம் மலைச்சரிவு இதற்கு நல்ல வசதி. அவருக்கு மேல் நிரையில் நின்றுகொண்டு, வலது தோளுக்கு மேலாகப் போனை நீட்டுங்கள். கூடை மறைக்கும், எடுக்கிற நேரத்துக்கு அதைக் கழற்றி வைத்துவிடலாம். போனைக் குறுக்காகப் பிடியுங்கள், ஒரு முறை தூரத்தில், ஒரு முறை விரல் மட்டும் தெரிகிற மாதிரி. விரல் காட்சியை ஸ்லோ மோஷனில் இன்னொரு தரம் எடுங்கள். மூட்டம் போட்ட நேரத்தில் ஸ்லோ மோஷன் இருட்டாகப் புள்ளி புள்ளியாக வரும், வெளிச்சம் வந்த பிறகு எடுப்பது நல்லது.

இதில் நான் எதிர்பார்க்காத இன்னொரு நன்மையும் இருந்தது. முகம் தெரியாது, கை மட்டும்தான் என்றதும், வேண்டாம் என்று வெட்கப்பட்ட அக்காமாரும் சம்மதித்தார்கள். கையானாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சத்தம்: மலையில் பேசி எடுக்காதீர்கள், காற்று இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வாய் படத்தில் இல்லாதபடியால் குரலைப் பிறகு சேர்க்கலாம். ஓர் அறையில் கதவை மூடி, பக்கத்தில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டுப் போனிலேயே பதிந்தேன். குரல் என்னுடையது இல்லை, பறித்த அக்காவுடையதுதான். நான் பேசினால் உத்தியோகத்தர் உத்தரவு போடுகிற மாதிரி இருக்கிறது. அவர் "பிய்க்காத புள்ள, ஒடி" என்றால் அது மனதில் நிற்கிறது. கொழுந்தைக் கையில் இறுக்கி வைத்திருக்கக் கூடாது, கூடையில் அமுக்கக் கூடாது என்பதற்கும் அவரே காரணம் சொன்னார்: நசுங்கிய இலை சூடேறி, பெக்டரிக்குப் போகும் முன்பே சிவந்துபோகும்.

வெட்டி ஒட்டுவதற்கு இன்ஷொட் என்ற போன் செயலி போதும். கைன்மாஸ்டரும் நல்லதுதான், ஆனால் தொடக்கத்தில் அத்தனை பட்டனும் தேவையில்லை. பாட்டு, பறக்கிற எழுத்து எதுவும் வேண்டாம். வாசிக்கத் தடுமாறுகிறவர்களும் பார்ப்பார்கள், அதனால் எழுத்துக்குப் பதிலாக விரலைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

காட்டுவதற்குப் புரொஜெக்டர் தேடி அலையாதீர்கள். காலை வெளிச்சத்தில் திரை வெளிறிப்போகும். ஒரு சாதாரண டி.வி.யும் பென் டிரைவும் ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் சரி. ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் நிறுத்தி, ஒருவரை எழுந்து கையால் செய்துகாட்டச் சொல்லுங்கள். அப்புறம் உடனே மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செடியில் செய்ய வையுங்கள். மாலையில் காட்டி அடுத்த நாள் மலைக்கு அனுப்பியபோது பாதி மறந்துவிட்டார்கள்.

பிறகு சேர்த்தது: பசறைப் பக்கத்தில் ஒரு தம்பி இதைச் செய்து பார்த்துவிட்டு, டி.வி.யில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்றார். புதிய போன்கள் பல எச்.265 என்ற முறையில் பதிகின்றன, பழைய டி.வி.க்களுக்கு அது புரியாது. கெமரா செட்டிங்கில் எச்.264க்கு மாற்றிவிட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் திரும்ப எடுக்க வேண்டியதில்லை, எச்.264 வீடியோவாக மாற்றித்தரும் இலவசச் செயலிகள் இருக்கின்றன.

இன்னொருவர் வட்ஸ்அப்பில் அனுப்பியதும் விரல் மங்கலாகிவிட்டது என்றார். வீடியோவாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கும். இணைப்பில் டொக்கியுமென்ட் என்பதைத் தெரிவு செய்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். டேட்டா கூடப் போகும்தான், அதனால் நான் ஒவ்வொரு லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருவருக்கு மட்டும் அப்படி அனுப்பி, மற்றவர்களுக்கு அவர் போனிலிருந்து புளூடூத்தில் எடுக்கச் சொல்கிறேன்.