‘கீழ்த்தளம் லேசாக ஈரமாக இருக்கிறது’: எழுத்தில் வரும் நக்கலைக் கண்டுபிடிப்பது எப்படி

கோயம்புத்தூரில் பம்ப் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாக வெளிநாட்டு டீலர்களுக்கு மெயில் எழுதுவது என் வேலை. குசும்புக்குப் பேர்போன ஊர்க்காரன். எனக்கே ஒருவர் நக்கலடித்தது புரியாமல் போன கதையிலிருந்து தொடங்குகிறேன்.

வட இங்கிலாந்தில் ஒரு டீலர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவரிடமிருந்து மெயில் வந்தது. “நீங்கள் அனுப்பிய பம்ப் வேலை செய்யக் கொஞ்சம் தயங்குகிறது. வாடிக்கையாளர் வீட்டுக் கீழ்த்தளம் லேசாக ஈரமாக இருக்கிறது. உங்களுக்குச் சௌகரியப்படும்போது பாருங்கள்.” எனக்குச் சௌகரியப்பட்டது செவ்வாய்க்கிழமை. சீரியல் நம்பர் கேட்டுப் பதில் போட்டேன். அரை மணி நேரத்தில் திரும்ப எழுதினார்: “உங்கள் வேகத்தைப் பார்த்து அசந்துபோனோம். பேக்கிங்கும் மிக அழகு.” நான் விடுவேனா? “மிக்க நன்றி சார். உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி” என்று தட்டிவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு வார்த்தைகூட வரவில்லை, ஒரு போட்டோ மட்டும் வந்தது. கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டு. மூன்று படிகள் தண்ணீருக்குள் இருந்தன. ஒரு பெயின்ட் டப்பா மிதந்துகொண்டிருந்தது.

இப்போது எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் இந்தப் போட்டோவைத்தான் காட்டுகிறேன். அப்புறம் கீழே உள்ளதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

நேரில் பேசும்போது நக்கலைக் காட்டிக்கொடுப்பது குரலின் இழுவையும் முகமும். எழுத்தில் இரண்டும் கிடையாது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: சொன்ன சொல்லுக்கும் நடந்த சங்கதிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. எனவே சந்தேகம் வந்தால் மெயிலை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பம்ப் நின்றுவிட்டது. நான்கு நாள் பதில் இல்லை. இப்போது மெயிலைத் திறங்கள்: ‘உங்கள் வேகம்’. இந்தச் சொல் அந்தத் தாளில் எங்கேயாவது ஒட்டுகிறதா?

இதைவிட நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. பாராட்டு எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். பம்ப் வாங்கியவர் பம்பை விட்டுவிட்டு அட்டைப்பெட்டியைப் புகழ்கிறார் என்றால் விவகாரம் இருக்கிறது. நமக்கு இது புதிதே இல்லை. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் அதியமானின் தூதாகப் போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்த்துச் செய்ததும் இதைத்தான். உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். ஆயுதத்தின் பளபளப்பைப் புகழ்ந்தால் அது போரையே பார்த்ததில்லை என்று அர்த்தம். வஞ்சப்புகழ்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்துத் தேர்வும் எழுதினேன். பேக்கிங் அழகு என்றபோது அது ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எழுதியவருடைய படியைத் தெரிந்துகொள்ளுங்கள்

படி என்றால் அளக்கிற படி. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு படியால் அளக்கிறது. நாம் ஏற்றிச் சொல்கிற கூட்டம். பஸ் பத்து நிமிடம் தாமதமானால் ‘உயிரே போயிடுச்சு’ என்போம். யாரும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வதில்லை. ஆங்கிலேயர் பலர் இதற்கு நேர்மாறாக இறக்கிச் சொல்வார்கள்.

1982 ஜூன் 24 அன்று லண்டனிலிருந்து மும்பை, சென்னை வழியாக ஆக்லாந்து போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானம், ஜாவா அருகே கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு இன்ஜின்களும் அணைந்துவிட்டன. கேப்டன் எரிக் மூடி பயணிகளுக்குச் செய்த அறிவிப்பு இப்படித் தொடங்கியது: நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு இன்ஜினும் நின்றுவிட்டன. நீங்கள் அதிகம் கலவரப்படவில்லை என்று நம்புகிறேன் என்று முடித்தார். பிறகு இன்ஜின்களை உயிர்ப்பித்து ஜகார்த்தாவில் பத்திரமாக இறக்கியும் விட்டார். நான்கு இன்ஜின் நின்றதே ‘சின்னப் பிரச்சினை’ என்றால், ‘லேசாக ஈரம்’ எவ்வளவு தண்ணீர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கவனியுங்கள், என் டீலரின் முதல் மெயில் நக்கல் அல்ல. அது அவர் வழக்கமாக அளக்கிற படி. இரண்டாவதுதான் நக்கல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், சாதாரணமாகப் பேசுகிறவரிடமும் ரோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

ஒரே ஆங்கிலத்துக்குள்ளேயே படி மாறும். ‘குவைட் குட்’ (quite good) என்று அமெரிக்கர் எழுதினால் பெரும்பாலும் மிக நன்று. ஆங்கிலேயர் எழுதினால் பல சமயம் ‘ஏதோ பரவாயில்லை’ என்ற அளவுதான். அதே ஆங்கிலேயர் ‘நாட் பேட்’, அதாவது ‘மோசமில்லை’ என்று எழுதினாரானால் அது பெரிய பாராட்டு, அன்று டீ வாங்கிக்கொடுக்கலாம். எங்களுக்கு ஒரு ஜெர்மன் டீலர் இருக்கிறார். சீல் கசிகிறது, வரைபடத்தில் பிழை, 12ஆம் தேதிக்குள் மாற்றுங்கள் என்று எழுதுவார். அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அதற்குள் எதையோ தேடி ஒரு இரவு தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

நாட்டை வைத்து மட்டும் முடிவுகட்டாதீர்கள். அந்த ஆளின் பழைய மெயில்கள் பத்தை எடுத்துப் படியுங்கள். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தபோது என்ன சொல் போட்டார் என்று பாருங்கள். அதுதான் அவருடைய படி.

சின்ன அடையாளங்களை நம்பலாம், முழுசாக அல்ல

தமிழில் திடீர் மரியாதை ஒரு அடையாளம். ‘வாடா போடா’ என்று பழகும் நண்பன் ‘தாங்கள் எப்போது வருவதாக உத்தேசம்?’ என்று அனுப்பினால் நீங்கள் தாமதம். ஆனால் இந்த விதி எங்கள் ஊரில் செல்லாது. கொங்குப் பக்கம் சின்னப் பிள்ளைகளிடமும் ‘ங்க’ போடுவோம். எங்கள் அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த பையன், ஸ்டோர்ஸ் அண்ணன் வாட்ஸ்அப்பில் ‘சாப்டீங்களாங்க? பில்லை அனுப்பி வுடுங்க’ என்று எழுதியதைப் பார்த்து, தன்னைக் கலாய்க்கிறார் என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தான். அண்ணன் நிஜமாகவே சாப்பாட்டைத்தான் விசாரித்திருந்தார்.

இமோஜியும் அப்படித்தான். லேசாகப் புன்னகைக்கும் அந்த மஞ்சள் முகம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வெறும் சிரிப்பு. சீனாவின் இளைஞர்கள் பலருக்கு அது ‘போதும், நிறுத்து’ என்கிற ஏளனம். சிரிப்புச் சத்தமே ஊருக்கு ஊர் வேறு: தாய்லாந்துக்காரர் 555 என்று அனுப்பினால் பில் தொகை என்று நினைக்காதீர்கள். அவர்கள் மொழியில் ஐந்தின் பெயர் ‘ஹா’, ஆக அது ஹா ஹா ஹா.

ஏமாந்துபோனால் வெட்கப்படவும் வேண்டாம். 2012இல் அமெரிக்க நையாண்டி இதழ் தி ஆனியன், வடகொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னை அந்த ஆண்டின் கவர்ச்சியான ஆண்மகன் என்று அறிவித்தது. சீனாவின் பீப்பிள்ஸ் டெய்லி இணையப் பதிப்பு அதை உண்மைச் செய்தியாக எடுத்துக்கொண்டு 55 பக்கப் படத்தொகுப்பே போட்டது. அவர்களோடு ஒப்பிட்டால் என் ‘மிக்க நன்றி சார்’ ஒன்றுமே இல்லை.

சந்தேகமா? தொனிக்குப் பதில் சொல்லாதீர்கள்

இது நக்கலா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத மெயில் வாரத்துக்கு ஒன்றாவது வரும். அப்போது தொனியைத் தொடாமல் சங்கதிக்கு மட்டும் பதில் போடுங்கள். அன்று நான் எழுதியிருக்க வேண்டியது: “பதில் நான்கு நாள் தாமதம், மன்னிக்கவும். கீழ்த்தளத்தில் இப்போது தண்ணீர் எத்தனை அங்குலம் நிற்கிறது? மாற்று பம்ப் இன்றே அனுப்பவா?” அவர் நக்கலடித்திருந்தால், புரிந்துகொண்டான் என்று தணிவார். நிஜமாகவே பாராட்டியிருந்தாலும் இதில் கெட்டுப்போவது எதுவும் இல்லை. முக்கியமாக, ‘ஈரம்’, ‘கொஞ்சம்’, ‘தயக்கம்’ மாதிரிச் சொல் வந்தால் உடனே அளவு கேளுங்கள். எத்தனை அங்குலம், எத்தனை மணி நேரம், எத்தனை பேர். இறக்கிச் சொல்கிறவரிடமும் ஏற்றிச் சொல்கிறவரிடமும் எண் ஒன்றுதான்.

நன்றி மட்டும் சொல்லிவிடாதீர்கள். நக்கலுக்கு நன்றி சொன்னால் எதிராளிக்கு இரண்டே வழி: நம்மை முட்டாள் என்று நினைப்பார், இல்லையென்றால் நாமும் பதிலுக்கு நக்கலடிக்கிறோம் என்று நினைப்பார். என் டீலர் இரண்டாவதாக நினைத்தார் என்று பின்னால் சொன்னார். எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

நீங்கள் நக்கலடிக்கும்போது

எழுதுகிறவன் காதில் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். படிக்கிறவனுக்கு அது கேட்காது. 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மெயிலில் அனுப்பிய வாக்கியம் நக்கலா நிஜமா என்பதைப் படிப்பவர் நூற்றுக்கு 78 முறை சரியாகச் சொல்லிவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். சரியாகச் சொன்னது 56 முறை. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 50 வந்திருக்கும்.

1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிவிப்புப் பலகையில், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது என்கிற வேடிக்கையைச் சிலர் நிஜ எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். அந்த அமளிக்குப் பிறகுதான், வேடிக்கை என்று காட்ட முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போடலாம் என்று செப்டம்பர் 19 அன்று அங்கிருந்த கணினி விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன் யோசனை சொன்னார். படித்த கம்ப்யூட்டர்காரர்கள் கதியே அது. என் கணக்கு எளிது: ஒருமுறையாவது போனில் சேர்ந்து சிரிக்காத ஆளுக்கு நான் மெயிலில் குசும்பு வைப்பதில்லை. அவரும் நானும் சேர்ந்திருக்கும் குழுவில் மூன்றாவது ஆள் இருந்தால், சுத்தமாக வைப்பதில்லை.

அந்த டீலர் இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார். போன மாதம் புதிய மாடல் அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து ஒரே வரியில் பதில்: “மோசமில்லை. கீழ்த்தளம் ஏமாற்றமளிக்கும் அளவுக்குக் காய்ந்திருக்கிறது.” அதைப் பிரின்ட் எடுத்து என் மேஜைக்கு மேலே ஒட்டினேன். அந்தப் பக்கம் வந்த எங்கள் முதலாளி நின்று படித்துவிட்டு, முகம் சுருங்கிக் கேட்டார்: “ஏனுங்க, கம்ப்ளைன்ட்டைப் போய் எதுக்குங்க செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறீங்க?”