அம்பாசிடர் ஹீட் ஏறுகிறதா? கூலிங் சிஸ்டத்தைப் படிப்படியாகச் சரிசெய்யலாம்

"பழைய வண்டின்னா ஹீட் ஏறத்தான் செய்யும்" என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே எஞ்சினோடு இந்த வண்டி கொல்கத்தா நெரிசலில் டாக்சியாகக் காலையிலிருந்து இரவு வரை ஓடியிருக்கிறது. வண்டி கொதிக்கிறது என்றால், பெரும்பாலும் எங்கேயோ அடைத்திருக்கிறது, அல்லது யாரோ எதையோ கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

அதனால் முதலில் இருப்பதை ஒழுங்குபடுத்துவோம், பிறகு மேம்படுத்துவோம். எடுத்ததுமே எலக்ட்ரிக் ஃபேன் வாங்கி மாட்டினால், அடைத்த ரேடியேட்டர் மேல் காற்று வீசிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இங்கே சொல்வது பழைய 1489 சிசி பெட்ரோல் வண்டிக்கு. இசுசூ 1800 எஞ்சின் வைத்த வண்டிகளுக்குப் பாகங்கள் வேறு.

படி 1: நோய் என்ன என்று பாருங்கள்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மூடியைத் திறந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். ஆயில் ஸ்டிக்கிலோ ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலோ மோர் நிறத்தில் பசை இருந்தாலும் அதே சந்தேகம்தான். அப்படியென்றால் முதலில் ஹெட்டைக் கவனிக்க வேண்டும், மீதியெல்லாம் அப்புறம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்துவிட்டது. பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் தண்ணீர் கசிந்த தடம் இருந்தால் சீல் போய்விட்டது. ஃபேன் பெல்ட்டின் நீளமான பகுதியை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் பம்ப்பும் ஃபேனும் வழுக்கிக்கொண்டுதான் சுற்றும்.

இக்னிஷன் டைமிங்கையும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பின்தங்கியிருந்தால் எவ்வளவு நல்ல ரேடியேட்டரும் திணறும்.

படி 2: கழுவுங்கள், முழுசாகக் கழுவுங்கள்

என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான். பலரும் அவசரப்படுவதும் இங்கேதான். நம் ஊரில் பல வருஷம் போர்வெல் தண்ணீர் குடித்த எஞ்சின் இது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு சூடான இரும்பின் மேல் படலமாகப் படிந்துவிடும். அதோடு துருவும் சேர்ந்து சேறாகி, பிளாக்கின் பின்பக்கம், கடைசி சிலிண்டரைச் சுற்றித் தங்கும். தண்ணீர் ஓட்டம் குறைவான இடம் அது.

ரேடியேட்டரின் அடியிலும் பிளாக்கின் பக்கவாட்டிலும் வடிகுழாய் உண்டு. ரேடியேட்டரை மட்டும் வடித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பிளாக் குழாயைத் திறந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்தத் துளையே சேற்றில் அடைத்திருக்கும். குழாயைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்துங்கள். முதலில் ஒரு பழுப்புக் களிம்பு வரும், அப்புறம் செதில் செதிலாகத் துரு, பிறகுதான் தண்ணீர்.

ரொம்ப மோசமான எஞ்சினில் பிளாக் பக்கத்தில் அடித்திருக்கும் வட்டத் தகட்டு அடைப்புகளைப் பெயர்த்தெடுத்து, உள்ளே சுரண்டிக் கழுவிவிட்டுப் புது அடைப்புகள் அடிக்க வேண்டும். முதல் தடவை என்றால் பழகிய மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எதிர்த்திசைக் கழுவல். ரேடியேட்டருக்குக் கீழ் வாய் வழியாகத் தண்ணீர் விட்டு மேலே வெளியேற்றுங்கள். எஞ்சினுக்குத் தெர்மோஸ்டாட்டைக் (எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) கழற்றிவிட்டு, அந்த மேல் வாய் வழியாகத் தண்ணீர் விட்டுக் கீழ் ஹோஸ் வழியாக வெளியேற்றுங்கள். வெளியே வரும் தண்ணீர் தெளிவாகும்வரை விடுங்கள்.

வடித்த தண்ணீரில் கூலண்ட் (துருவையும் உறைவதையும் தடுக்கும் திரவம்) கலந்திருந்தால் தெருவில் ஊற்றாதீர்கள். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும். கேனில் பிடித்து மூடி வையுங்கள்.

படி 3: ரேடியேட்டர்

இந்த வண்டியின் பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் ஈயப் பற்றும் சேர்ந்தது. அதனால் வெட்டித் திறந்து சீர்செய்யலாம். எஞ்சின் சூடான பிறகு நிறுத்திவிட்டு, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் கோர் (குழாய்களும் மெல்லிய ஃபின் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி) முழுக்கக் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

லேசான அடைப்பென்றால் ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து, குழாய் குழாயாகப் பட்டைக்கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். ஃபின்கள் கைபட்டாலே உதிர்கிறது என்றால் ரீகோர் செய்வதே (கோரையே புதிதாக மாற்றுவது) சரி. ரீகோர் செய்யும்போது ஒரு வரிசைக் குழாய் கூடுதலாக வைக்கச் சொல்லலாம். நல்ல மேம்பாடு அது. ஆனால் ஃபின்களை மிக நெருக்கமாக வைக்க வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது காற்று உள்ளே புகாது, தூசியும் சீக்கிரம் அடைக்கும். பின்னால் எலக்ட்ரிக் ஃபேன் போடும் எண்ணமிருந்தால், டேங்கைப் பிரித்திருக்கும் இந்த நேரத்திலேயே மேல் டேங்கில் தெர்மோ ஸ்விட்சுக்கான (சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானே போட்டு அணைப்பது) பித்தளை நட் ஒன்றை ஒட்டச் சொல்லிவிடுங்கள். ஸ்விட்சை முன்கூட்டியே வாங்கிக் கையில் கொடுத்தால் மரை சரியாகப் பொருந்தும்.

அலுமினிய ரேடியேட்டர் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். முதல் தடவை இறங்குபவருக்கு நான் செம்பு ரீகோரைத்தான் சொல்வேன். எந்த ஊரில் ஓட்டை விழுந்தாலும் பற்றவைக்க ஆள் கிடைப்பார்.

படி 4: தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள்

ஹீட் ஏறும் வண்டியில் மெக்கானிக் முதலில் தூக்கிப் போடுவது இதைத்தான். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்பார். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் சூடாகவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். அதைவிட, உண்மையான அடைப்பு மறைந்துகொள்ளும். முழுக்கத் திறந்த தெர்மோஸ்டாட் சூட்டைக் கூட்டுவதில்லை. திறக்காமல் சிக்கிக்கொண்டதுதான் கூட்டும். கெட்டுப்போனதைக் கழற்றினால் புதியதை மாட்ட வேண்டும்.

பி-சீரிஸ் எஞ்சினுக்கு 82 டிகிரி வழக்கமானது. வெப்பமான ஊர்களுக்கு 74 டிகிரியும் உண்டு. இங்கிலாந்தின் எம்ஜிபி காருக்கும் இதே எஞ்சின் குடும்பம்தான். அதன் தெர்மோஸ்டாட் 54 மில்லிமீட்டர் விட்டம். உங்கள் ஹவுசிங்கில் அளந்து பார்த்து ஒத்துவந்தால் அந்தச் சந்தையிலும் வாங்கலாம். பழைய பெல்லோஸ் (சூட்டில் விரியும் மடிப்புக் குப்பி) வகையைத் தவிர்த்து மெழுகு (சூட்டில் மெழுகு விரிந்து திறக்கும்) வகையையே எடுங்கள். பெல்லோஸ் வகை, ரேடியேட்டரின் அழுத்தம் கூடும்போது தடுமாறும்.

புதியதையும் சோதித்துவிட்டே மாட்டுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அடியில் படக் கூடாது. பக்கத்தில் ஒரு வெப்பமானி. 80 தாண்டியதும் நடுத்தட்டு நூலளவு விலகுவது தெரியும். 90-களில் நன்றாகத் திறந்துவிடும். அடுப்பை அணைத்தால் மெல்ல மூடிக்கொள்ளும். இவ்வளவும் நடந்தால் நல்ல பொருள். தட்டில் காற்றுப் போகும் சின்னத் துளை இல்லையென்றால் 3 மில்லிமீட்டரில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: மூடி, ஹோஸ், ரெக்கவரி பாட்டில்

மூடியின் மேல் எத்தனை பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்று பொறித்திருக்கும். ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். 7 பிஎஸ்ஐ மூடி நல்ல நிலையில் இருந்தால் 111 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. "அப்போ 13 பிஎஸ்ஐ போட்டால் இன்னும் நல்லதுதானே?" என்று மாருதி மூடியை மாட்டாதீர்கள். பழைய ஈயப் பற்று பிளந்துவிடும். கழுத்தின் ஆழமும் ஒத்துப்போக வேண்டும். ஆழம் கூடுதலான கழுத்தில் குட்டை மூடி போட்டால் அழுத்தமே நிற்காது.

ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், கொழகொழவென்றிருந்தாலும் மாற்றுங்கள். மேல், கீழ் இரண்டையும் ஒன்றாகவே மாற்றிவிடுவது நல்லது.

பழைய வண்டியில் வழிந்த தண்ணீர் ரோட்டுக்குப் போய்விடும். ஒரு ரெக்கவரி பாட்டிலை வைத்து, ஓவர்ஃப்ளோ குழாயை அதன் அடிவரை இறக்கினால், ஆறும்போது எஞ்சினே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு, மூடியின் மேல் விளிம்பிலும் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும்.

படி 6: நிரப்புவது

இனி போர்வெல் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரோடு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, 30 சதவீதம் கூலண்ட் போதும். துருவைத் தடுக்கத்தான் அது. செம்பு, பித்தளை, ஈயத்துக்கு ஏற்றது என்று கேனில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றுங்கள். மூடி போடாமல் ஐடிலில் விட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக் கூடாது. ஹோஸ் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து, திடீரென்று சுடும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். மட்டம் இறங்கும், நிரப்பி மூடிவிடுங்கள்.

படி 7: ஃபேன்

முதலில் மலிவான மேம்பாடு: ஷ்ரவுட். ரேடியேட்டரின் பின்பக்கம் முழுவதையும் மூடி, ஃபேன் இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமாகத் திறந்த தகட்டுக்கூடு. ஃபேன் இறக்கை பாதி உள்ளே, பாதி வெளியே இருக்க வேண்டும், சுற்றிலும் ஓர் அங்குல இடைவெளி. நல்ல டிங்கர் செய்து தந்துவிடுவார். பல வண்டிகளுக்கு இதுவே போதும்.

அதற்கும் மேல் எலக்ட்ரிக் ஃபேன் வேண்டுமென்றால் சார்ஜிங்கைப் பாருங்கள். பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய லூகாஸ் டைனமோ முழு வேகத்திலேயே சுமார் 20 ஆம்பியர்தான் தரும். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நெரிசலில் நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும், அப்போதுதான் டைனமோ தூங்கும். எனவே ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டிக்கு மட்டுமே எலக்ட்ரிக் ஃபேன்.

வயரிங் தொடங்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். நெகட்டிவ் எர்த் வண்டிக்கு: பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) 30 என்ற முனைக்கு, 87-லிருந்து ஃபேனுக்கு, இக்னிஷனிலிருந்து 86-க்கு, 85-லிருந்து தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. ஃபேன் வயர் 4 சதுர மில்லிமீட்டர். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு, 92-ல் போட்டு 87-ல் அணைக்கும் ஸ்விட்ச் பொருந்தும். ஓடும்போது கிரில் பக்கம் ஒரு காகிதத்தைப் பிடித்தால் ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. கழற்றிய இரும்பு ஃபேனையும் போல்ட்டுகளையும் டிக்கியில் வைத்திருங்கள்.

பாகங்கள் எங்கே?

சென்னையில் புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. அம்பாசிடர் உத்தரபாராவில் 2014 வரை தயாரானது, அதனால் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் தேடுவது வீண்போகாது. டெல்லியில் காஷ்மீரி கேட்.

"அம்பாசிடர் வாட்டர் பம்ப்" என்று மட்டும் கேட்காதீர்கள். மார்க் (மாடல் வரிசை எண்) எத்தனை, என்ன எஞ்சின் என்று சொல்லி, கழற்றிய பழைய பம்ப்பையே கையில் கொண்டுபோங்கள். கடைக்காரர் மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கேஸ்கெட் முகத்திலிருந்து புல்லி மாட்டும் முகம்வரை உள்ள உயரத்தை ஒப்பிடுங்கள். கொஞ்சம் கூடினாலும் ஃபேன் ரேடியேட்டரை உரசும். சுற்றிப் பார்த்தால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும், இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கை) ஷாஃப்டில் ஆடக் கூடாது. ரப்பர் பொருள்களை மட்டும் பழைய ஸ்டாக்கில் வாங்காதீர்கள். டப்பா பிரிக்காத ஹோஸ் என்றாலும் ரப்பருக்கு வயசாகும்.

எல்லாம் மாட்டி 200 கிலோமீட்டர் ஓட்டியபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது எல்லா ஹோஸ் கிளிப்புகளையும் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள், பெல்ட்டையும் சரிபாருங்கள். புது பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும். கூலண்டை இரண்டு வருஷத்துக்கொரு முறை மாற்றுங்கள்.