செம்பனைச் சீட்டும் பாஷ் ஸ்கிரிப்டும்: மறுபடி மறுபடி பயன்படும் ஃபங்ஷன்களை எழுதுவது எப்படி

சுங்கை சிப்புட்டில் சிறுதோட்டம் வைத்திருப்பவர்களின் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்பும் ஒரு சின்ன இடத்துக்கு நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிடப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். அதனால் எடைச் சீட்டும் அன்றன்றே வரும். ஒவ்வொரு மரமும் ஏறக்குறைய 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை வெட்டுக்கு வருவதால், ஒரே ஆளின் பெயர் மாதத்தில் இரண்டு மூன்று தடவை சீட்டில் இருக்கும். ஒரு சீட்டு தொலைந்தாலும் அது ஒருவருடைய கூலி. இந்தப் பாடத்தை அந்த வேலையை வைத்தே சொல்கிறேன். நீங்கள் கோயில் கணக்கு பார்த்தாலும் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு பார்த்தாலும் முறை இதுதான்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. அதை வாசித்து ஓட்டுவது ஷெல், பாஷ் அதில் ஒரு வகை. ஷெல் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கிய யாரும் ஒரே நான்கைந்து காரியத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். கோப்பு இருக்கிறதா பார், இல்லையென்றால் செய்தி போட்டு நிறுத்து, நகல் எடு. இதையெல்லாம் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் வெட்டி ஒட்டாமல், பெயர் வைத்து ஒரே கோப்பில் போட்டுவிட்டால் அப்புறம் எல்லா ஸ்கிரிப்டும் அதைக் கூப்பிடலாம். அப்படிக் கூப்பிடும் ஃபங்ஷன் நல்ல ஃபங்ஷனா என்று பார்க்க நான் ஒரே கேள்வி கேட்பேன்: கூப்பிடுகிறவர் அதன் உள்ளே எட்டிப் பார்க்காமல் நம்ப முடிகிறதா? கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எக்கோ, எக்சிட், இஃப் போன்றவற்றையும் கோடு போட்டு வரும் சுவிட்ச் எழுத்துகளையும் டெவ், யூஎஸ்ஆர் போன்ற பாதைப் பெயர்களையும் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஃபங்ஷன் பெயர்களையும் செய்திகளையும் உள்ளபடியே தமிழில் தட்டலாம். ஆமாம், பாஷ் தமிழ்ப் பெயரை ஏற்கும்.

படி 1: பெயர்

ஃபங்ஷனுக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். கணினியில் ஏற்கெனவே இருக்கும் எந்தக் கட்டளையோடும் அது மோதாது. சீட்டைத் தட்டுகிற தங்கச்சி ஸ்கிரிப்டைத் திறந்தால், என்ன நடக்கிறது என்று அவரால் வாசிக்கவும் முடியும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "சொல்" என்று பெயர் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒகர, ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பாஷ் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. நீங்கள் ஒரு விசைப்பலகையில் எழுதி, இன்னொருவர் வேறொன்றில் தட்டினால் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று சொல்லிவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் ஃபங்ஷன் பெயரில் கொ, கோ, கௌ வரிசை எழுத்துகளைத் தவிர்த்துவிடுங்கள். நான் "சொல்" என்பதற்குப் பதில் "அறிவி" என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு கட்டுப்பாடு: மாறியின் (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டியின்) பெயரில் தமிழ் எழுத்து ஆகாது. அங்கே ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான்.

படி 2: பேசும் மூவர்

"உதவி" என்று ஒரு புதுக் கோப்பு திறந்து, இதைத் தட்டுங்கள்.

அறிவி() {
    எக்கோ "» $*"
}

எச்சரி() {
    எக்கோ "எச்சரிக்கை: $*" >&2
}

நிறுத்து() {
    எக்கோ "நின்றது: $*" >&2
    எக்சிட் 1
}

பெயர், அதை ஒட்டி (), பிறகு நெளிவு அடைப்புக்குள் செய்ய வேண்டியது. அவ்வளவுதான் ஒரு ஃபங்ஷன். கூப்பிடும்போது பின்னால் கொடுப்பவை $1, $2 என்று உள்ளே வந்து சேரும். $* என்றால் கொடுத்த எல்லாம் ஒரே வாக்கியமாக. கூப்பிடும்போது அடைப்புக்குறி போடக்கூடாது. அறிவி "வேலை தொடங்கியது" என்று எழுதினால் போதும்.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் >&2 இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் வெளியே பேச இரண்டு வாசல் உண்டு. 1 ஆம் வாசலில் விடை போகும், 2 ஆம் வாசலில் புகார் போகும். இரண்டும் திரையில்தான் வந்து விழும் என்பதால் வித்தியாசம் தெரியாது. ஆனால் விடையைப் பிடித்து ஒரு மாறியில் வைக்கும்போது 1 ஆம் வாசலில் வருவதை மட்டுமே ஷெல் பிடிக்கும். புகாரும் அதே வாசலில் வந்தால், சீட்டு எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் "கோப்பைக் காணோம்" என்ற வாக்கியம் போய் உட்கார்ந்துவிடும். >&2 போட்டால் புகார் நேராகத் திரைக்கு வரும், விடை சுத்தமாக இருக்கும்.

படி 3: இருக்கிறதா என்று பார்ப்பவை

கருவி_வேண்டும்() {
    கமாண்ட் -வி "$1" >/டெவ்/நல் 2>&1 || நிறுத்து "$1 இந்தக் கணினியில் இல்லை"
}

சீட்டு_வேண்டும்() {
    [ -எஸ் "$1" ] || நிறுத்து "$1 இல்லை, அல்லது காலியாக இருக்கிறது"
}

கமாண்ட் -வி, அந்தப் பெயரில் ஒரு கட்டளை இருக்கிறதா என்று பார்க்கும். அதன் பின்னால் வரும் டெவ்/நல் பகுதி, அது பேசுவதைத் திரைக்கு வராமல் விழுங்கிவிடும். || என்பதை "இல்லாவிட்டால்" என்று வாசியுங்கள். இடப்பக்கம் தோற்றால் மட்டும் வலப்பக்கம் நடக்கும். ஷெல்லில் வெற்றிக்கு 0, தோல்விக்கு 1 முதல் 255 வரை ஏதோ ஓர் எண். மற்றக் கணினி மொழிகளிலிருந்து வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், ஆனால் பழகிவிடும். வெற்றி ஒரே மாதிரிதான், தோல்விக்குத்தான் பல காரணம்.

-எஸ் என்ற சோதனை, கோப்பு இருக்கிறதா என்பதோடு அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கும். மாலையில் இடி மின்னல் வந்து மின்சாரம் போய், பாதியில் சேமித்த கோப்பு காலியாகக் கிடப்பது நம் பக்கம் சகஜம். வெறுமனே -எஃப் போட்டால் அந்தக் காலிக் கோப்பையும் "இருக்கிறது" என்று விட்டுவிடும்.

$1 ஐச் சுற்றி எப்போதும் இரட்டை மேற்கோள் போடுங்கள். கோப்பின் பெயர் "மார்ச் சீட்டு" என்று நடுவில் இடைவெளியோடு இருந்தால், மேற்கோள் இல்லாத $1 இரண்டு துண்டாகிவிடும். நான் பார்த்த தொடக்கக்காரர் ஸ்கிரிப்டுகளில் பாதிச் சிக்கல் இந்த ஒரு விஷயத்தில்தான்.

படி 4: விடை தரும் ஃபங்ஷன்

எண்ணு() {
    சீட்டு_வேண்டும் "$1"
    கிரெப் -சி '' "$1"
}

ஒரு வரிக்கு ஒரு சீட்டு என்பதால் வரியை எண்ணினால் சீட்டை எண்ணியதாகும். வரி எண்ணப் பலரும் டபிள்யூசி கட்டளையைச் சொல்வார்கள். அது வரி முடிவுக் குறிகளை எண்ணுகிறது. கடைசி வரியில் என்டர் தட்டாமல் சேமித்திருந்தால் ஒன்று குறைத்துச் சொல்லும். மேலே உள்ள கிரெப் அந்தக் கடைசி வரியையும் சேர்த்தே எண்ணும்.

இதைப் பிடிக்க $( ) பயன்படும்:

என்=$(எண்ணு "$1") || எக்சிட் 1

"என்" என்று இங்கே எழுதியிருப்பது ஆங்கிலத்தின் ஒற்றை எழுத்து. சமன் குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது.

வரியின் கடைசியில் எதற்கு எக்சிட்? "நிறுத்து" தானே நிறுத்திவிடும் என்று நினைப்பீர்கள். $( ) க்குள் நடப்பதெல்லாம் ஷெல்லின் ஒரு தனிப் பிரதியில் நடக்கிறது. உள்ளே கூப்பிட்ட எக்சிட் அந்தப் பிரதியை மட்டும் முடிக்கும். வெளியே உள்ள உங்கள் ஸ்கிரிப்ட், காலி விடையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். "இன்று வந்த சீட்டுகள்:" என்று எழுதி, எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். || எக்சிட் 1 போட்டால் தோல்வி வெளியேயும் தெரியவரும்.

இதே வரியை ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதினால், மாறி வெளியே கசியாமல் இருக்க முன்னால் லோக்கல் போட வேண்டும். அப்போது இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்:

லோக்கல் என்
என்=$(எண்ணு "$1") || ரிட்டர்ன் 1

ஒரே வரியில் சேர்த்து எழுதினால், லோக்கல் என்பதும் ஒரு கட்டளை என்பதால் அதன் வெற்றிதான் கணக்கில் வரும். உள்ளே எண்ணு தோற்றது மறைந்துபோகும்.

படி 5: பென்டிரைவுக்கு நகல்

"அண்ணே, நகல் எடுத்தாச்சுன்னு வந்துச்சு, ஆனா பென்டிரைவ்ல ஒன்னுமே இல்லையே." இந்தக் கேள்வி நகல் ஸ்கிரிப்ட் எழுதுகிற எல்லோரிடமும் ஒரு நாள் வரும். லினக்ஸில் பென்டிரைவ் ஒரு கோப்புறையாகத்தான் தெரியும். பென்டிரைவ் செருகாதபோது அந்தப் பெயரில் வெறும் கோப்புறை மட்டும் கிடந்தால், நகல் சத்தமில்லாமல் அதே கணினியின் வட்டில் போய் விழும். பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் நகல் எடுக்கும் கட்டளைக்கு அதில் தவறே இல்லை. கணினி பழுதானால் அசலும் நகலும் சேர்ந்து போகும்.

நகலெடு() {
    [ $# -ஈக்யூ 2 ] || நிறுத்து "நகலெடு: சீட்டும் இடமும் கொடுக்க வேண்டும்"
    இஃப் ! மவுண்ட்பாயிண்ட் -கியூ "$2"; தென்
        எச்சரி "$2 இல் பென்டிரைவ் செருகவில்லை"
        ரிட்டர்ன் 1
    ஃபை
    சிபி "$1" "$2/" && சிங்க்
}

$# என்பது எத்தனை மதிப்பு கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கை. மவுண்ட்பாயிண்ட், அந்த இடத்தில் உண்மையிலேயே வேறொரு வட்டு இணைந்திருக்கிறதா என்று பார்க்கும். சிபி நகல் எடுக்கும். அது வெற்றியானால் மட்டும் சிங்க் ஓடி, நினைவகத்தில் காத்திருக்கும் எழுத்துகளைப் பென்டிரைவில் எழுதி முடிக்க வைக்கும். அவசரத்தில் பிடுங்குபவர்களுக்காக அது அங்கே இருக்கிறது.

இங்கே எக்சிட் போடாமல் ரிட்டர்ன் போட்டிருப்பதைப் பாருங்கள். எக்சிட் ஸ்கிரிப்டையே முடித்துவிடும். ரிட்டர்ன் இந்த ஃபங்ஷனை மட்டும் முடித்து, தோல்வியைக் கூப்பிட்டவரிடம் சொல்லும். பென்டிரைவ் இல்லையென்றால் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர். ஒருவர் மறுபடி கேட்பார், ஒருவர் வேறு இடத்தில் நகல் எடுப்பார். ஆனால் சீட்டு என்ன, இடம் என்ன என்றே கொடுக்காமல் கூப்பிட்டால் அது எழுதியவரின் பிழை, அங்கே நிறுத்துவதே சரி.

"உதவி" கோப்பில் ஃபங்ஷன்கள் மட்டும் இருக்கட்டும். அதை ஏற்றும்போதே எதையாவது அச்சிடுவது, கோப்புறை மாறுவது கூடாது. ஒரு ஃபங்ஷனுக்குள் கோப்புறை மாறித்தான் ஆகவேண்டும் என்றால், நெளிவு அடைப்புக்குப் பதில் ( ) போட்டு அதன் உடலை எழுதுங்கள். அது தனிப் பிரதியில் ஓடி முடிந்துவிடும், கூப்பிட்டவர் இருந்த இடத்திலேயே இருப்பார்.

படி 6: ஸ்கிரிப்ட்

இப்போது அதே கோப்புறையில் "மாலை" என்று இன்னொரு கோப்பு.

#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பாஷ்
சோர்ஸ் "$(டிர்நேம் "$0")/உதவி" || எக்சிட் 1

கருவி_வேண்டும் மவுண்ட்பாயிண்ட்
என்=$(எண்ணு "$1") || எக்சிட் 1
அறிவி "இன்று வந்த சீட்டுகள்: $என்"

இஃப் நகலெடு "$1" "$2"; தென்
    அறிவி "நகல் பென்டிரைவில் ஏறிவிட்டது"
எல்ஸ்
    எச்சரி "நகல் எடுக்கவில்லை. பென்டிரைவைச் செருகி மறுபடி ஓட்டுங்கள்"
    எக்சிட் 1
ஃபை

இதை ஓட்ட, பாஷ் மாலை என்று தட்டி, அதன் பின்னால் சீட்டுக் கோப்பின் பெயரையும் பென்டிரைவ் தெரியும் கோப்புறையையும் கொடுங்கள். அவைதான் இங்கே $1, $2. இரண்டாம் வரிதான் "உதவி" கோப்பை உள்ளே கொண்டுவருகிறது. வெறும் "உதவி" என்று எழுதாமல் டிர்நேம் போட்டதற்குக் காரணம், ஸ்கிரிப்டை எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு ஓட்டினாலும் அதன் பக்கத்தில் உள்ள "உதவி" யைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் என்ற நிரல் இரவில் இதைத் தானாக ஓட்டும்போது இது கட்டாயம் வேண்டும்.

முதல் வரியில் பாஷ் என்றே இருக்கட்டும். உபுண்டுவில் எஸ்ஹெச் என்று கூப்பிட்டால் 2006 இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து டாஷ் என்ற வேறொரு ஷெல்தான் வரும். அது வேகமானது, ஆனால் தமிழ்ப் பெயருள்ள ஃபங்ஷனை ஏற்காது.

படி 7: சோதனை

பாஷ் -என் மாலை என்று தட்டினால், எதையும் ஓட்டாமல் இலக்கணப் பிழை மட்டும் பார்த்துச் சொல்லும். "உதவி" க்கும் அப்படியே. பிறகு டெர்மினலில் சோர்ஸ் ./உதவி என்று ஏற்றி, டைப் நகலெடு என்று கேளுங்கள். ஃபங்ஷன் முழுவதும் திரையில் விரியும். இப்படி நேரடியாக ஏற்றியபோது "நிறுத்து" வைக் கூப்பிட்டால் டெர்மினலே மூடிக்கொள்ளும், ஆகவே அதை ( நிறுத்து "சோதனை" ) என்று அடைப்புக்குள் வைத்துக் கூப்பிடுங்கள்.

அப்புறம் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். இல்லாத கோப்பைக் கொடுங்கள், காலிக் கோப்பைக் கொடுங்கள், பெயரில் இடைவெளி உள்ள கோப்பைக் கொடுங்கள், பென்டிரைவைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு எக்கோ $? என்று தட்டுங்கள், கடைசியாக ஓடியதன் வெற்றி தோல்வி எண்ணை அது காட்டும். இடைவெளி உள்ள கோப்புக்குப் பென்டிரைவ் செருகியிருந்தால் 0 வர வேண்டும். மற்ற மூன்றுக்கும் 1 வர வேண்டும், கூடவே என்ன குறை என்று தமிழில் ஒரு வரியும் வர வேண்டும். நான்கும் சரியாக வந்தால் "உதவி" கோப்பை அடுத்த ஸ்கிரிப்டின் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.