பழைய மியாட்டாவின் முன் சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றும் முறை

1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டாவின் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் தாங்கும் அமைப்பு) உண்டு. அதன் ஆர்ம்கள் உடலோடு சேரும் இடங்களில் இருக்கும் ரப்பர் புஷ்கள் (நடுவில் உலோகக் குழாய் கொண்ட ரப்பர் உருளைகள்) காலப்போக்கில் இறுகி விரிசல் விடும். பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்' என்ற ஒலி எழுவதும், பிரேக் பிடிக்கையில் வண்டி அலைவதும் அதன் அறிகுறிகள். முன்பக்கக் கீழ் ஆர்மின் புஷ்களை மாற்றும் விதத்தை இங்கே பார்ப்போம்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சமதரையில் நிற்கும் நிலையில், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு கடைசியில் தேவைப்படும். பிறகு சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஜாக்கியால் தூக்கி, வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டவே கூடாது.

கீழ் ஆர்மை உடலோடு பிணைக்கும் இரண்டு போல்ட்களும் சாதாரண போல்ட்கள் அல்ல. அவற்றைத் திருப்பித்தான் சக்கரத்தின் கோணங்களைச் சரிசெய்கிறார்கள். ஆகவே அவை நிற்கும் நிலையைப் பெயின்டால் அடையாளமிடுங்கள். பழைய வண்டிகளில் இந்தப் போல்ட் புஷ்ஷின் உட்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது வழக்கம் என்பதால், முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் அறுத்தெடுப்பதே வழி. புதிய போல்ட்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் வேலை பாதியில் நிற்காது.

ஸ்டெபிலைசர் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பு, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டு) ஆகியவற்றைக் கழற்றினால் ஆர்ம் கையோடு வந்துவிடும். பழைய புஷ்ஷை வெளியே தள்ளப் பட்டறை பிரஸ் சிறந்தது. பெரிய வைஸும் பொருத்தமான அளவுள்ள இரண்டு பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட்டுகளும் இருந்தாலும் போதும். ரப்பரைத் தீயிட்டு எரித்து எடுப்போரும் உண்டு, ஆனால் அந்தப் புகை நச்சு என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. துளையை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவி, புதிய புஷ்ஷை நேராக உள்ளே அழுத்துங்கள். ரப்பருக்கு எண்ணெயும் கிரீஸும் ஆகாது.

புதியவர்கள் மிகுதியும் தவறுவது ஆர்மை மீண்டும் மாட்டும்போதுதான். ரப்பர் புஷ் உட்குழாயைச் சுற்றி வழுக்குவதில்லை. போல்ட் இறுகியதும் உட்குழாய் அசையாமல் நிற்க, ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுகிக்கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் நிரந்தரமாக முறுகி நின்று விரைவில் கிழியும். எனது முதல் முயற்சி அப்படித்தான் வீணானது. ஆகவே போல்ட்களைக் கையால் மட்டும் லேசாக முடுக்கி, ஆர்மின் அடியில் ஜாக்கி வைத்து, தொடக்கத்தில் குறித்த உயரம் வரும்வரை மெல்லத் தூக்கி, பெயின்ட் அடையாளங்களைப் பொருத்திய பின்னரே பட்டறைக் கையேட்டிலுள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ரப்பருக்குப் பதில் பாலியுரேத்தேன் (கடினமான ஒரு பிளாஸ்டிக் வகை) புஷ் என்றால் அது குழாயின் மேல் சுழல்வதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்குரிய கிரீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடும், சவாரியும் சற்றுக் கடினமாகும்.

பெயின்ட் அடையாளம், அலைன்மென்ட் நிலையம் வரை வண்டியை மெதுவாக ஓட்டிச் செல்ல மட்டுமே உதவும். அங்கே கோணங்களைச் சரிசெய்து முடித்ததும், அந்தப் போல்ட்களை மறுபடியும் வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையிலேயே இறுக்கச் சொல்லுங்கள்.