தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு இரும்புச்சத்தும் குறைந்தால்

அடிக்கடி சளியும் தொண்டைப்புண்ணும் வருகின்றன, இரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவு என்ற நிலையில் தைராய்டு மருந்து எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தாம் விழுங்குவது எந்த மாத்திரை என்பதையே. சுரப்பு மிகுந்து கார்பிமசோல் எடுப்பவருக்கும், சுரப்பு குறைந்து லெவோதைராக்சின் எடுப்பவருக்கும் தொண்டைவலியின் பொருள் ஒன்றல்ல. கார்பிமசோல், ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். ஆகவே காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், கஷாயம் வைத்துக் குடித்துக் காத்திராமல், மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் செய்ய வேண்டும். நம் மொரீஷியஸின் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது. விடியட்டும் என்று தள்ளிப்போடக் காரணமே இல்லை. உள்ளே நுழைந்ததும் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்று திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

லெவோதைராக்சின் எடுப்பவருக்கு அந்த அச்சம் இல்லை. அவருடைய சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. இரும்பு மாத்திரை வயிற்றில் தைராக்சினைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது என்பதால், இரண்டுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீருடன் தைராக்சின், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சிற்றுண்டி, பிற்பகலிலோ இரவிலோ இரும்பு என்று வகுத்துக்கொண்டால் குழப்பம் வராது. நம் வீடுகளில் இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் தேநீர்தான். வனிலா மணக்கும் அந்தக் கோப்பையை இரும்பு மாத்திரையோடும் சாப்பாட்டோடும் சேர்க்காமல், ஒரு மணி நேரமாவது தள்ளி அருந்துங்கள். கிரியோலில் 'பிரெட் முரூம்' என்று சொல்லும் முருங்கைக்கீரையும் பருப்பும் நல்லவையே. எலுமிச்சை பிழிந்து உண்டால் அவற்றிலுள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். ஆனால் தெளிவாகக் குறைந்துவிட்ட இரும்பைக் கீரை மட்டும் மீட்டுத் தரும் என்று நான் நம்பவில்லை.

தொற்று இருக்கும்போது பரிசோதனை முடிவும் ஏமாற்றும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அழற்சி வந்தால் தானாகவே உயரும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம், நலமாயிருக்கும் பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றும், தொற்றோ அழற்சியோ உள்ளவருக்கு 70-க்குக் கீழே என்றும் இரும்புக் குறைவுக்கு வெவ்வேறு எல்லைகளை வகுத்திருக்கிறது. காய்ச்சல் தணிந்த பிறகு பார்ப்பது மேல். சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குத் தரப்படும் சிப்ரோஃப்ளோக்சசினையும், டாக்சிசைக்ளினையும்கூட இரும்பு பிடித்துக்கொள்ளும். தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு, ஒருசேர விழுங்கிய இம்மாத்திரைகளே காரணமாக இருக்கலாம். எனவே எழுதித் தருபவரிடம் இடைவெளியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்பு ஏன் குறைந்தது என்பதையும் விடக்கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தால் மாதவிடாய்ப் போக்கு மிகும். தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயுள்ள சிலருக்கு வயிற்றுச் சுவரோ குடலோ பாதிக்கப்பட்டு இரும்பு சேராமல் போகும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் குடலில் இரத்தக் கசிவு உண்டா என்று தேட வேண்டும். இரும்பு குறையாமலேயே ஹீமோகுளோபினைக் குறைக்கும் தலசீமியா மரபுக்கூறும் இந்திய வம்சாவளியினரிடம் காணப்படுவதால், ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து மாதக்கணக்கில் இரும்பு விழுங்குவது சரியன்று. மாத்திரையால் வயிறு புரண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அவ்வாறு எடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு உடலில் சேர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மலம் கறுப்பது இம்மாத்திரையின் இயல்பு.

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்கள் தைராக்சினை நிறுத்த வேண்டியதில்லை. விடியற்காலையில் தண்ணீருடன் விழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் புறப்படலாம். தைராக்சின் அளவு மாறினாலோ இரும்பு புதிதாகத் தொடங்கினாலோ, 6 முதல் 8 வாரங்களில் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள்; முடி உதிர்கிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை எடுப்பவர்கள், அது முடிவைப் பிறழச் செய்யும் என்பதால், குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.