ஆட்டுக்காலும் நம் கையும்: உறுப்பொற்றுமையைப் படிப்பதில் நேரும் தவறுகள்

"இரண்டும் பறப்பதால் வௌவாலும் பட்டாம்பூச்சியும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை" என்ற வரியைச் சேலத்து மாணவர்களின் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருக்கிறேன். முடிவில் பிழையில்லை, எல்லா விலங்குகளுக்கும் வெகு தொலைவில் ஒரு பொது மூதாதை உண்டு. சொல்லும் காரணம்தான் பிழை.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பகலில் பறக்கும் பட்டாம்பூச்சியின் சிறகில் எலும்பே கிடையாது. அது உடற்சுவரிலிருந்து விரிந்த படலம். அந்தியில் பறக்கும் வௌவாலின் சிறகிலோ மேற்கை, முன்கை, மணிக்கட்டு ஆகியவற்றை அடுத்து நீண்ட விரல்களும் அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டியது போன்ற தோலும் உள்ளன. எனவே இவ்விரு சிறகுகளும் செயலொத்த உறுப்புகள் மட்டுமே, அதாவது வேலை ஒன்றானாலும் அமைப்பு வேறு. வௌவாலையும் சின்னான் குருவியையும் ஒப்பிடும்போதுதான் நன்றாகப் படிப்பவர்களும் தடுமாறுகிறார்கள். முன்னங்கால் என்ற அளவில் அவற்றின் சிறகுகள் அமைப்பொத்தவை, அதாவது பொது மூதாதையின் ஒரே உறுப்பிலிருந்து வந்தவை. சிறகு என்ற அளவில் அல்ல. ஏனெனில் 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த அவற்றின் பொது மூதாதைக்குச் சிறகு இருக்கவில்லை, நான்கு கால்களே இருந்தன. ஒன்று விரல்களை நீட்டியும், மற்றொன்று விரல்களைக் குறைத்து இறகுகளை வளர்த்தும் தனித்தனியே பறக்கத் தொடங்கின.

வெளித்தோற்றத்தை நம்புவது அடுத்த தவறு. கறிக்கடையில் மேச்சேரி ஆட்டின் முன்னங்காலைக் காட்டி முழங்கால் எங்கே என்று கேட்டால், நடுவில் மடங்கும் மூட்டைத்தான் எல்லோரும் தொடுவார்கள்; அது ஆட்டின் மணிக்கட்டு. அதற்குக் கீழே சூப்புக்கு வெட்டித் தருவது உள்ளங்கையும் விரல்களுமே. வெந்தபின் அந்த நீண்ட எலும்பைத் துடைத்துப் பார்த்தால் முன்புறத்தில் ஒரு கோடும், இரண்டாகப் பிரியும் அடிமுனையும் தெரியும். நம் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய உள்ளங்கை எலும்புகள் ஆட்டில் ஒட்டி ஒன்றானதன் தழும்பு அது. இரண்டு குளம்புகளும் அவ்விரு விரல்களின் நுனிகள். பின்புறம் தொங்கும் சிறு குளம்புகள் ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும். கட்டைவிரல் மறைந்துவிட்டது.

எச்ச உறுப்பு, அதாவது மூதாதையில் செய்த வேலையை இழந்து சிறுத்துப்போன உறுப்பு, என்றால் பயனற்றது என்று எழுதுவதும் சரியன்று. திமிங்கிலத்தின் சிறுத்த இடுப்பெலும்பு கால்களைத் தாங்குவதில்லை. ஆனால் இனப்பெருக்க உறுப்பின் தசைகள் அதில்தான் பற்றியுள்ளன. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்ற வரிக்கும் இதே சிவப்பு மைதான். இன்றைய குரங்கு நமக்குப் பங்காளி, பாட்டன் அல்லன்.

எல்லாவற்றையும்விட நுட்பமான தவறு, ஓர் ஒற்றுமையைக் காட்டியதுமே உறவு மெய்ப்பிக்கப்பட்டதாக எண்ணுவது. அமைப்பொற்றுமையை 1843இல் வரையறுத்த ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன், எல்லா முதுகெலும்பிகளுக்கும் பொதுவான ஒரு மூலமாதிரியை, அதாவது கருத்தளவிலான ஓர் அடிப்படை வரைவையே அதற்குக் காரணமாகக் கருதினார். பொது மூதாதை என்ற விளக்கத்தை டார்வின் 1859இல் முன்வைத்தார். அவ்விளக்கத்துக்கு வலுச் சேர்ப்பது ஒற்றுமைகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் விதம். ஆட்டில் கண்ட ஒட்டிய எலும்பு பசுவிலும் மானிலும் சேர்வராயன் மலைக் காட்டெருமையிலும் உண்டு. பன்றிக்கு அதே இரு விரல்களில் குளம்பு இருந்தும் அவ்வெலும்புகள் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. அசைபோடும் கூட்டம் ஒரு சிறு வட்டம், பன்றியையும் சேர்த்தால் அதைச் சூழ்ந்த பெரிய வட்டம், டி.என்.ஏ.வை ஒப்பிட்டாலும் பன்றி அச்சிறு வட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறது.