முடுக்கமானி தூரம் அளக்காது: மைக்ரோ சென்சர் புரஜெக்ட்டுகளில் வழுக்கும் இடங்கள்

இறுதியாண்டுப் புரஜெக்ட் காலம் வந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கம்பஸ் பிள்ளைகளைக் காணலாம். நகத்தளவு மொடியூல்கள் பையில் ஏறும். பிழைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

முதலில், எல்லோரும் விழும் குழி. எம்பியு-6050 போன்ற முடுக்கமானியை (வேகம் மாறும் வீதத்தை அளக்கும் சில்லு) முச்சக்கர வண்டியில் பூட்டி, ஓடிய தூரத்தைக் கணிக்கப் பார்ப்பது. உள்ளே சிலிக்கனில் செதுக்கிய ஒரு சிறு திணிவு, மெல்லிய விற்களில் தொங்குகிறது. அது அசையும்போது கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) மாறும். அதிலிருந்து முடுக்கம் வரும். தூரம் வேண்டுமானால் இரண்டு முறை தொகையிட வேண்டும்: முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டி வேகம், வேகத்தைக் கூட்டிக் கூட்டித் தூரம். அங்கேதான் வினை. புவியீர்ப்பில் நூறில் ஒரு பங்கு வழு இருந்தாலே ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 176 மீற்றர் பிழை. மூன்று நிமிடத்தில் ஒன்றரைக் கிலோமீற்றர் தாண்டும். வண்டி வெள்ளவத்தையில் நிற்க, கணினியில் அது பம்பலப்பிட்டிப் பக்கம் போயிருக்கும்! ஒரு பாகை சரிவாகப் பூட்டினால் வழு இதைவிட மோசம். அதிர்வு, சரிவு, திடீர் பிரேக், காலடி எண்ணிக்கை ஆகியவற்றுக்கு இந்தச் சில்லு அருமையானது. தூரத்தை ஜிபிஎஸ்ஸிடமோ சக்கரச் சுற்றை எண்ணும் கருவியிடமோ விடுங்கள்.

இரண்டாவது, அமுக்க சென்சரை உயரமானியாக நம்புவது. கடல்மட்டத்துக்கு அருகே வளியமுக்கம் ஒரு ஹெக்டோபஸ்கால் (அமுக்கத்தின் அலகு) குறைந்தால் ஏறக்குறைய எட்டரை மீற்றர் உயரம் என்று கணக்கு. வெப்பவலயத்தில் வளியமுக்கம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நாலு மணியளவில் தாழ்வு. இடையில் சில ஹெக்டோபஸ்கால் வித்தியாசம். நானே ஒருமுறை, மேசையில் கிடந்த சென்சர் பின்னேரத்துக்குள் எட்டாம் மாடிக்கு ஏறியதைக் கண்டு, புரோகிராம் கோடில் பிழை தேடி ஒரு நாளைத் தொலைத்தேன். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று அறிய வேண்டுமா? தரைத்தளத்தில் இன்னொரு சென்சரை வையுங்கள். இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுங்கள்.

அமுக்கத்தோடு ஈரப்பதனும் அளக்கும் பிஎம்இ280 சென்சர் என்று பிஎம்பி280 விற்கப்படுவதும் நடக்கும். பின்னதில் ஈரப்பதன் அளவீடு கிடையாது. சில்லின் அடையாள எண்ணை வாசியுங்கள்: பதினறுமத்தில் (ஹெக்ஸாடெசிமல்) 60 என்றால் பிஎம்இ, 58 என்றால் பிஎம்பி. கடையில் காசு கொடுக்கும்போது யார்தான் இதைப் பார்க்கிறார்கள்?

கொழும்பின் உப்புக் காற்றுக்குப் பயந்து முழுப் பலகைக்கும் வார்னிஷ் பூசுகிறவர்களும் உண்டு. பலகைக்குப் பூசுங்கள், பரவாயில்லை. சென்சர் மூடியிலுள்ள சிறு துளையை மட்டும் தொடாதீர்கள். அது அடைபட்டால் காற்று உள்ளே போகாது, ஈரப்பதனும் தெரியாது. அதேபோல வைஃபை சில்லுக்குப் பக்கத்தில் சென்சரை ஒட்டினால் அதன் சூடு ஏறும். வெப்பநிலை கூடுதலாகவும் சார்பு ஈரப்பதன் குறைவாகவும் காட்டும். மழை கொட்டும் மாலையிலும் ஈரப்பதன் குறைவாக வந்தால் இங்கேதான் முதலில் பாருங்கள்.